பழுதுற்ற கலம் என்ன செய்கிறது?

நண்பகல் வெயிலிலே சந்தைக்குப் போய் வீடு திரும்புகிறோம். குடை கொண்டு போகவில்லையே என்று வருந்தி, முகத்தைக் கழுவித் துடைத்து, ஒரு குவளை மோர் பருகியதும் வெயிலை மறந்துவிடுகிறோம். நமது தோலோ அதனை அவ்வளவு விரைவில் மறப்பதில்லை. சூரிய ஒளியோடு வரும் ஊதாக் கடந்த கதிர்கள் தோலின் கலங்களுட் புகுந்து, அங்குள்ள டி.என்.ஏ. இழைகளில் ஆங்காங்கே பழுதுகளை உண்டாக்கியிருக்கின்றன. நாம் மோர் பருகிக்கொண்டிருக்கும் அந்த வேளையிலே, பழுதுற்ற கலங்கள் தம் நிலையைக் கண்டறிந்து, இனிச் செய்யத்தக்கது யாது என்ற முடிவை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அம்முடிவு பிழைத்தால் அதன் விளைவு பல ஆண்டுகளின் பின்னர் புற்றுநோயாக வெளிப்படலாம்.

அந்த முடிவு எவ்வாறு எடுக்கப்படுகின்றது, அதனை எடுப்பது யார், அதனை விஞ்ஞானிகள் எவ்வாறு கண்டறிந்தனர் என்பவற்றையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

ஏடும் எழுத்தும்

டி.என்.ஏ. என்பது யாதென மாணவர் அறிவர். ஏனையோருக்காக ஒரு சொல். உடலை ஆக்குவதற்கும் இயக்குவதற்கும் வேண்டிய குறிப்புகள் யாவும் எழுதப்பட்ட ஏடு அது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. தாயிடமிருந்து ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளும் தந்தையிடமிருந்து ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளும் நமக்கு வந்துள்ளன. ஒரு கலத்தின் கருவுக்குள்ளே சுருண்டு கிடக்கும் இவ்விழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைப்போமாயின் நீளம் ஏறத்தாழ 2 மீற்றர் ஆகும். ஒரு கலம் இரண்டாகப் பிரியும் முன்னர் இவ்வளவு எழுத்துகளும் பிழையின்றிப் படியெடுக்கப்படல் வேண்டும்.

இவ்வேடு கல்வெட்டைப் போல உறுதியானது என்றே அறிஞர் முன்பு கருதினர். அவ்வாறன்று என்பதை 1970களில் சுவீடன் நாட்டு அறிஞர் தோமஸ் லின்டால் எடுத்துக் காட்டினார். வெளியிலிருந்து ஒரு தீங்கும் வராதபோதும், கலத்தினுள் இருக்கும் நீரே இழையிலிருந்து எழுத்துகளை உதிர்த்து விடுகின்றது. ஒரு கலத்தில் ஒரு நாளைக்கு இவ்வாறு உதிர்வன 10,000 அளவின. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனிலிருந்து தோன்றும் துணைப்பொருள்களும், வெயிலும், புகையிலைப் புகையும் செய்யும் பழுதுகள் இவற்றுக்கு மேலானவை.

இப்பழுதுகளைத் திருத்துவதற்கெனவே கலத்திற் பலவகை நொதியங்கள் உள்ளன. அவை தொழில் செய்யும் முறைகளை விளக்கியமைக்காக லின்டால், போல் மொட்றிச், அசீஸ் சஞ்சார் ஆகிய மூவருக்கும் 2015 ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் திருத்துவோர் இருந்தால் மட்டும் போதுமா? ஒரு பத்திரிகை அச்சகத்தை எண்ணிப் பாருங்கள். அச்சேறவிருக்கும் பக்கத்தில் ஒரு பிழை இருக்கின்றது. பிழை திருத்துவோர் பக்கத்து அறையிலே ஆயத்தமாக இருக்கின்றனர். ஆயினும் பிழையைக் கண்டு இயந்திரத்தை நிறுத்துமாறு ஒருவர் கூறாவிடில், ஆயிரக்கணக்கான படிகளும் அப்பிழையோடேயே வெளியாகும். பிழையைத் திருத்திய பின்னர் இயந்திரத்தை மீண்டும் ஓட்டுமாறு ஒருவர் கூறாவிடிலோ, ஞாயிறு காலையிற் பத்திரிகையே வெளிவராது. திருத்துவது ஒரு தொழில்; நிறுத்துவதும் மீண்டும் ஓட்டுவதும் வேறொரு தொழில். கலத்திலே இந்த இரண்டாவது தொழிலைச் செய்வோரைத் தேடியே விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தனர்.

எஞ்சிய நான்கு கூட்டங்கள்

அத்தேடலின் தொடக்கத்தைக் காண நாம் 1944 ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு, அக்கோடையில் எவ்லின் விற்கின் என்னும் 23 வயது மாணவி வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் பற்றீரியாக்களைக் கொண்டு ஆராய்ச்சி செய்தவரல்லர். ஈ. கோலி என்னும் குடல் வாழ் பற்றீரியாவில் பி என்ற இனத்தைத் தட்டுகளில் இட்டு, அவற்றின் மீது ஊதாக் கடந்த ஒளியைப் பாய்ச்சினார். ஒளியின் அளவு மிகையாகிவிட்டது. தட்டுகளில் இருந்த கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் மாண்டன. நான்கே நான்கு கூட்டங்கள் மாத்திரம் முளைத்திருந்தன.

பரிசோதனை பிழைத்ததென்று தட்டுகளைக் கழுவி வைத்திருக்கலாம். அவரோ அந்த நான்கையும் எடுத்து வளர்த்தார். அவை கதிரைத் தாங்கும் ஆற்றலைப் பரம்பரையாகப் பெற்றிருந்தன. மற்றவை மாண்டதற்குக் காரணம் யாது? நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது ஒரு விந்தை புலனாயிற்று. கதிர் பட்ட பழைய இனத்துப் பற்றீரியாக்கள் உடனே இறக்கவில்லை; அவை பிரியாமலே வளர்ந்து, பாம்புகளைப் போல நீண்டு, அதன் பின்னரே இறந்தன. தாங்கி நின்ற புதிய இனமோ பிரிந்து பெருகியது.

இதன் பொருளை முற்றாக விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. பழுதுற்ற பற்றீரியாவில் ஒன்றோடொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் பல மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்வதை விற்கின் கவனித்தார். அவையனைத்தும் ஒரே கட்டளைக்கு அடங்கியவையாக இருக்கலாம் என்ற கருத்தை 1967 இல் அவர் வெளியிட்டார். குறோஷியாவிற் பிறந்த மிறோஸ்லாவ் றட்மன் என்னும் அறிஞரும் இக்கருத்தை வளர்த்து, ஆபத்தில் அகப்பட்ட கப்பல் விடுக்கும் எஸ்.ஓ.எஸ். என்ற அபயக்குறியின் பெயரையே அதற்கு இட்டார்.

அதன் இயக்கத்தை நாம் இன்று நன்கறிவோம். சாதாரண வேளையில் லெக்ஸ் ஏ என்னும் புரதம், நாற்பதுக்கும் மேற்பட்ட பரம்பரை அலகுகளைப் பூட்டி வைத்திருக்கின்றது. டி.என்.ஏ. பழுதுற்று அதன் ஒற்றை இழை வெளித்தெரியும்போது, ரெக் ஏ என்னும் புரதம் அதன்மேற் படிந்துகொள்கின்றது. அவ்வாறு படிந்த ரெக் ஏயைச் சந்திக்கும் லெக்ஸ் ஏ, தன்னைத்தானே அறுத்துக்கொள்கின்றது. பூட்டுகள் திறக்கின்றன. திருத்தும் புரதங்கள் பெருகுகின்றன. அவற்றோடு, கலப்பிரிவை நிறுத்தும் சுல் ஏ என்ற புரதமும் தோன்றுகின்றது. பழுது தீர்ந்ததும் புதிய லெக்ஸ் ஏ சேர்ந்து பூட்டுகளை மீண்டும் இடுகின்றது. லொன் என்னும் நொதியம் சுல் ஏயை அழித்துப் பிரிவுக்கு வழிவிடுகின்றது.

விற்கினின் தட்டில் மாண்டவற்றின் கதை இப்போது விளங்கும். அந்தப் பி இனத்தில் லொன் நொதியம் இல்லை. ஆகவே அவை தடையை இட்டன. எடுக்க இயலாமற் போயின. தப்பிய இனத்திலே சுல் ஏ பழுதுபட்டிருந்தமையால் அவை தடைப்பட்டு நீளவில்லை. நிறுத்தத் தெரிந்தும் மீண்டும் ஓடத் தெரியாத கலம் அழியும் என்பதே அத்தட்டுகள் காட்டிய பாடம்.

மதுவம் உரைத்த மறுபாதி

பாடத்தின் மறுபாதியை உரைத்தது, நாம் பாண் புளிக்கவைக்கப் பயன்படுத்தும் மதுவமாகும். அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் லீலன்ட் ஹாட்வெல், ரெட் வைனேட் ஆகிய இருவரும் 1988 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். எக்ஸ் கதிர் பட்ட மதுவக் கலம், பிரிவுக்குச் சற்று முன்பதாகவே நின்றுவிடும்; பழுதைத் திருத்திக்கொண்ட பின்னரே பிரியும். றாட் 9 என்னும் பரம்பரை அலகு குறைவுற்ற மதுவமோ நில்லாமற் பிரிந்து இறந்துபோகும்.

அது திருத்தும் ஆற்றல் இல்லாமையால் இறக்கின்றதா, நிற்கும் ஆற்றல் இல்லாமையால் இறக்கின்றதா? இதனை அறிய அவர்கள் செய்த உபாயம் மிக எளியது. மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கது. கலப்பிரிவைத் தடுக்கும் இரசாயனப் பொருளொன்றை இட்டு, றாட் 9 அற்ற மதுவத்தைச் சில மணி நேரம் வலிந்து நிறுத்தி வைத்தனர். பின்னர் விடுவித்தபோது அவற்றுட் பெரும்பாலானவை பிழைத்தன! திருத்தும் கருவிகள் யாவும் முன்னரே அக்கலங்களில் இருந்தன. அவகாசம் ஒன்றே இல்லாதிருந்தது.

பிரிவுப் பாதையில் இவ்வாறு நிறுத்திச் சோதிக்கும் இடங்களுக்குச் சோதனைச் சாவடி என்ற பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. கலப்பிரிவின் ஒழுங்கை விளக்கிய பணிகளுக்காக ஹாட்வெல் 2001 இல், ரிம் ஹன்ற், போல் நேர்ஸ் ஆகியோருடன் மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கள்வனெனக் கருதப்பட்ட காவலன்

பற்றீரியாவும் மதுவமும் தனிக்கல உயிர்கள். கோடானுகோடி கலங்கள் கூடி வாழும் மனித உடலிலே இன்னொரு முடிவும் வேண்டப்படுகின்றது. திருத்த முடியாத கலம் உயிரோடு பெருகுவது முழு உடலுக்கும் ஆபத்து. ஆதலால் அது விலகியோ, மாய்ந்தோ போதல் வேண்டும். இம்முடிவில் முதன்மையான இடம் பி53 என்னும் புரதத்துக்கு உரியது.

1979 இல் பல ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதனைக் கண்டன. அதன் நிறை 53 ஆயிரம் அலகு போலத் தோன்றியமையால் இப்பெயர் ஏற்பட்டது. புற்றுநோய்க் கலங்களில் இது மிகுந்து காணப்பட்டது. ஆகவே புற்றுநோயைத் தூண்டுவதே இதன் தொழில் என்று பத்து ஆண்டுகள் வரை அறிஞர் நம்பினர். உண்மை 1989 இல் வெளிப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் ஆராயப்பட்டுவந்த பி53 பெரும்பாலும் விகாரமடைந்த பி53 ஆகவே இருந்தது! பழுதில்லாத பி53 கலங்கள் கட்டுமீறிப் பெருகுவதைத் தடுக்கின்றது என்பதை ஆர்னல்ட் லெவின் குழுவினர் காட்டினர். பெருங்குடற் புற்றுநோய்களில் இவ்வலகின் ஒரு படி தொலைந்தும் மறுபடி சிதைந்தும் இருப்பதைப் பேற் வொகல்ஸ்ரைன் குழுவினர் கண்டனர். கொள்ளை நடந்த வீட்டில் அகப்பட்டவனைக் கள்வனென்று பிடித்து வைத்திருந்தோம். அவனோ அடிபட்டுக் கிடந்த வாயிற்காவலன். மனிதரைப் பீடிக்கும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியிலே இக்காவலன் சிதைந்திருப்பது பின்னர் தெரியவந்தது.

பழுது நேர்ந்த செய்தி இக்காவலனுக்கு எட்டுவது எவ்வாறு? டி.என்.ஏ.யின் ஈரிழையும் முறிந்த இடத்தை உணர்வதற்கு ஏ.ரி.எம். என்னும் புரதம் உதவுகின்றது. அது விழித்தெழுந்து, பல புரதங்களின் மீது பொஸ்பேற்று என்னும் சிறு குறியைப் பொறிக்கின்றது. அக்குறியைப் பெற்றவற்றுள் பி53 உம் ஒன்று. அது டி.என்.ஏ.யில் அமர்ந்து வேறு பல பரம்பரை அலகுகளை இயக்குகின்றது. அவற்றுள் ஒன்றாகிய பி21, கலப்பிரிவின் இயந்திரத்தை நிறுத்தும். இது 1993 இற் கண்டறியப்பட்டது. வேறு சில, கலத்தைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளுமாறு ஏவும். கடும் வெயிலில் வெந்த தோலிலே மீட்க முடியாத கலங்கள் இவ்வாறு மாய்வதும் பி53இன் ஏவலினாலேயே. இன்னும் சில கலங்கள் இறவாமல், இனி ஒருபோதும் பிரியாத முதுமை நிலையை அடையும்.

கடிவாளம் வேண்டாமா?

இத்துணை ஆற்றல் வாய்ந்த காவலன் எந்நேரமும் வாளோடு நின்றால் வீட்டாரின் நிலை என்னாவது? எம்.டி.எம்.2 என்னும் புரதம் பி53ஐப் பிடித்து, அழிப்பதற்கு அடையாளமிட்டு அனுப்புகின்றது. ஆதலால் அமைதியான கலத்தில் ஒரு பி53 மூலக்கூறின் ஆயுள் அரை மணி நேரம் அளவுதான். கலம் அதனை ஆக்கிக்கொண்டே இருக்கின்றது, அழித்துக்கொண்டே இருக்கின்றது. இது வீண் செலவு போலத் தோன்றும். பழுது நேர்ந்ததும் அழிப்பை நிறுத்தினாற் போதும், காவலன் உடனே திரண்டு நிற்பான் என்பதே இவ்வேற்பாட்டின் பயன். இன்னுமொரு நுட்பம்: எம்.டி.எம்.2 ஐ ஆக்குமாறு கட்டளையிடுவதும் பி53 தான். காவலனே தன் கடிவாளத்தையும் திரித்துக்கொள்கின்றான்.

இக்கடிவாளம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1995 இல் எலிகள் மீது செய்த ஆராய்ச்சிகள் காட்டின. எம்.டி.எம்.2 அற்ற எலிகள் பிறக்கு முன்னரே, கருவின் தொடக்க நிலையிலேயே இறந்தன. அவற்றிலிருந்து பி53 ஐயும் நீக்கியபோது அவை உயிரோடு பிறந்தன. அப்படியாயின் பி53 இல்லாமலே வாழ்ந்துவிடலாமே எனலாம். பி53 அற்ற எலிகளை 1992 இலேயே ஆராய்ந்திருந்தனர். அவை நலமாகவே பிறந்தன, ஆனால் இளமையிலேயே கட்டிகளால் மாண்டன. தடை மிகுந்தால் பிறப்பே இல்லை. தடை இல்லையேல் வாழ்வு நீடிப்பதில்லை.

கடிவாளத்தை இழுப்பதும் விடுவதுமாகிய இயக்கத்தை, 2004 இல் கலித் லஹாவ், ஊரி அலொன் முதலிய இஸ்ரேலிய அறிஞர்கள் தனித்தனிக் கலங்களிலே கண்ணாற் கண்டனர். கதிர் பட்ட கலத்திற் பி53 அலை அலையாக எழுந்து தணிந்தது. கதிர் கூடியபோது அலையின் உயரம் கூடவில்லை; எண்ணிக்கையே கூடியது. ஓர் அலை தணியும்போது பழுது இன்னும் உளதா என மறுபடி பார்க்கப்படுகின்றது. இருந்தால் அடுத்த அலை எழும். 2012 இல் லஹாவ் குழுவினர், அலைகள் தணியாதவாறு மருந்தினால் தடுத்து, பி53ஐ உயர்ந்தபடியே நிற்கச் செய்தனர். அவ்வாறு செய்த கலங்களிற் பெரும்பாலானவை மீளாது முதுமை நிலையை அடைந்தன. அலைகளாக எழுந்து தணிய விட்ட கலங்களோ பெரும்பாலும் மீண்டு பிரிந்தன.

இயற்கையில் யானையின் உதாரணமும் சுவையானது. இத்துணைப் பெரிய உடலில் இத்துணைக் கோடி கலங்கள் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருகின்றது. நமக்குப் பி53 அலகு பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வர, யானைக்கோ அதன் படிகள் ஏறத்தாழ இருபது உண்டென 2015 இல் அறிவிக்கப்பட்டது. பழுதுற்ற யானைக் கலம் நம்முடையதைவிட எளிதில் மாய்ந்து, உடலைக் காக்கின்றது.

குடும்பங்களிற் கண்ட துயர்

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதைகள் மாத்திரமல்ல. 1969 இல் அமெரிக்க வைத்தியர்களான பிரெடெரிக் லீ, ஜோசப் பிரௌமெனி ஆகியோர் நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினர். அக்குடும்பங்களில் சிறு குழந்தைகளுக்குத் தசைப் புற்றுநோயும், இளந்தாய்மாருக்கு மார்புப் புற்றுநோயும், உறவினர் பிறருக்கு வேறு பல புற்றுநோய்களும் வந்திருந்தன. ஒரே குடும்பத்தில் இத்தனை வகைப் புற்றுநோய்கள் தோன்றுவானேன்? விடை 1990 இற் கிடைத்தது. இவ்வாறான குடும்பங்களிலே பி53 அலகின் ஒரு படி பிறப்பிலேயே பழுதுற்றிருந்தது. அப்பழுதை உடைய தாயோ தந்தையோ அதனைப் பிள்ளைக்கு அளிப்பதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று.

காரணம் அறிந்ததனால் என்ன பயன் என்று கேட்கலாம். ரொறன்ரோ நகரைச் சேர்ந்த வைத்தியர்களும் பிறரும் இத்தகைய குடும்பத்தினரை ஒழுங்காகப் பரிசோதித்து, கட்டிகளைத் தொடக்கத்திலேயே கண்டு அகற்றினர். அவ்வாறு பரிசோதிக்கப்பட்டோர் ஏனையோரைவிட நெடிது வாழ்ந்தமை 2011 இல் அறிவிக்கப்பட்டது. கதிர்வீச்சு இவர்களுக்குப் புதிய கட்டிகளை உண்டாக்கக்கூடும் என்பதால், இயன்றவரை அதனைத் தவிர்க்கவும் வைத்தியர் கற்றனர்.

ஏ.ரி.எம். குறைவோடு பிறக்கும் பிள்ளைகளும் உளர். நடை தள்ளாடும், கண்ணின் வெண்பகுதியிற் குருதிக் குழாய்கள் சிவந்து தோன்றும், கதிர்வீச்சை அவர்களுடைய கலங்கள் தாங்கா. அந்த அலகை 1995 இல் யோசெப் ஷிலோ குழுவினர் இனங்கண்டனர்.

புற்றுநோயின் குறையையே அதற்கு எதிரான ஆயுதமாக்கும் முயற்சியும் பலித்துள்ளது. பி.ஆர்.சி.ஏ. என்னும் அலகுகள் பழுதுற்ற கட்டிக் கலங்கள், முறிந்த ஈரிழையைச் செவ்வையாகத் திருத்தமாட்டா. அவற்றுக்கு எஞ்சியுள்ள இன்னொரு திருத்த வழியையும் அடைத்தால் அவை மடியும். இரு வழியும் உடைய நற்கலங்கள் பிழைக்கும் என்று 2005 இற் காட்டினர். அவ்வாறு வழியடைக்கும் ஒலபரிப் என்ற மருந்து, சூலகப் புற்றுநோய்க்காக 2014 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது.

நம் வீட்டுத் தட்டத்திலே

பிறப்பில் வரும் குறை அரிது. வாழ்விலே நாமே வருவித்துக்கொள்ளும் பழுது மிகுதி. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கின்றது. வெற்றிலைத் தட்டம் விருந்தோம்பலின் அடையாளமாக நம் வீடுகளில் இருந்து வந்ததை யார் மறுப்பார்? ஆயினும் அத்தட்டத்திலுள்ள புகையிலையும் பாக்கும் வாயின் மென்தோற் கலங்களிலே நாள்தோறும் பழுதை உண்டாக்குகின்றன. புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றுநோயை விளைக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதியாக உரைத்துள்ளது. கலம் நின்று திருத்துகின்றது, மறுநாளும் பழுது, மீண்டும் திருத்துகின்றது. ஆண்டுக்கணக்கில் இது தொடர, ஒரு நாள் பழுது காவலன் மீதே விழுகின்றது. அன்றிலிருந்து அக்கலம் நில்லாமற் பிரியத் தொடங்குகின்றது. வாயில் ஆறாத புண்ணோ, வெண்ணிறத் தழும்போ, வாய் திறப்பதற்குக் கடினமோ கண்டால் வைத்தியரிடம் உடனே காட்டுதல் நன்று.

எவ்லின் விற்கின் 2015 இல் தமது 94 ஆவது வயதில், ஸ்ரீபன் எலெஜ் என்னும் அறிஞரோடு லாஸ்கர் பரிசைப் பெற்றார். மதுவத்திலும் மனிதக் கலத்திலும் இவ்வபயக் கட்டளை செல்லும் வழியை வகுத்துக் காட்டியவர் எலெஜ். விற்கின் 102 ஆண்டுகள் வாழ்ந்து 2023 இல் மறைந்தார். பிழைத்த பரிசோதனையென்று எறிந்திருக்கக்கூடிய தட்டுகளில் எஞ்சிய நான்கு கூட்டங்களை அவர் நின்று நோக்கினார். அவற்றிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியே இன்று குடும்பங்களுக்கு முன்னறிவிப்பாகவும் நோயாளருக்கு மருந்தாகவும் பயன்படுகின்றது. ஆய்வுக்கூடத்திலே எதிர்பாராத பெறுபேற்றைக் கண்டு மனஞ்சலிக்கும் மாணவர், அதனைக் கழுவிவிடுமுன் ஒருமுறை நிதானித்து நோக்குவாராக.